ஸ்ப்ளெண்டரில் பிக்கப் கூட்ட வேண்டும்: சைலன்சர், ஃபில்டர், ஸ்ப்ராக்கெட், எதில் கை வைக்கலாம்?

பதினெட்டு_இன்ச்
வண்டி 2012 ஸ்ப்ளெண்டர் பிளஸ், கார்புரேட்டர் மாடல். அப்பா ஓட்டினது, மீட்டர் எழுபதாயிரத்தைத் தாண்டிவிட்டது. வத்தலகுண்டிலிருந்து வாரா வாரம் கொடைக்கானல் மலையில் உள்ள பண்ணைக்காடு போக வேண்டியிருக்கிறது, பின்னால் தம்பி இருப்பான், இல்லையென்றால் ஒரு மூட்டை இருக்கும். காமக்காபட்டி தாண்டி மலை ஏற ஆரம்பித்தால் மூன்றாவது கியர் தாங்க மாட்டேன் என்கிறது, டம் டம் பாறை வரைக்கும் இரண்டாவதிலேயே கத்திக்கொண்டு போகிறேன். சமதளத்திலும் 75ஐத் தொட ஒரு யுகம் ஆகிறது. திண்டுக்கல்லில் ஒரு கடையில் உள்ளே தடுப்பு குறைவான ஃப்ரீ ஃப்ளோ சைலன்சர், கோன் ஃபில்டர், இரிடியம் ப்ளக் மூன்றும் சேர்த்து ஆறாயிரம் சொல்கிறார்கள், போட்டால் வண்டி பறக்குமாம். போடலாமா? வண்டியை விற்கச் சொல்லாதீர்கள், அப்பா விட மாட்டார்.

நைட்_ரைடர்_கோவை
வித்துட்டு ஒரு 150 எடுங்க ப்ரோ.

பதினெட்டு_இன்ச்
கடைசி வரியைப் படிக்கவே இல்லையா ப்ரோ.

ரெண்டாம்_கியர்
தம்பி, அந்த ஆறாயிரத்தைப் பையிலேயே வைத்திருங்கள். இந்த இன்ஜின் 97.2 சிசி, புதிதில் ஏறக்குறைய 8 பிஎஸ், அதாவது எட்டுக் குதிரைத்திறன் கொடுத்தது. இப்போது உங்கள் வண்டியில் பின் சக்கரத்துக்கு எவ்வளவு போகிறது என்பதுதான் கேள்வி. பட்டறைக்கு "பிக்கப் இல்லை" என்று வருகிற வண்டிகளில் பாதிக்கு மேல் கம்பெனி கொடுத்த பவரே எங்கேயோ ஒழுகிக்கொண்டிருக்கும். அதை அடைக்காமல் மேலே எதைப் போட்டாலும் வீண்.

முதலில் சென்டர் ஸ்டாண்ட் போட்டு, நியூட்ரலில் பின் சக்கரத்தைக் கையால் சுற்றிவிடுங்கள். நாலைந்து சுற்று தானாகச் சுற்ற வேண்டும். ஒரு சுற்றில் நின்றுவிட்டால் பிரேக் ஷூ டிரம்மோடு உரசுகிறது. பிரேக் பெடலுக்கு ஃப்ரீ பிளே வைத்திருந்தாலும், உள்ளே ஷூவை விரிக்கும் கேம் துருப்பிடித்திருந்தால் காலை எடுத்த பிறகும் ஷூ முழுசாகத் திரும்பாது. அதைக் கழற்றி, சுத்தம் செய்து, கேமில் கொஞ்சூண்டு கிரீஸ் வைத்தால் போதும், ஷூவில் மட்டும் பட்டுவிடக் கூடாது. முன் சக்கரத்துக்கும் இதே வேலை. செயின் கவருக்குள் என்ன நிலைமை என்று யாரும் பார்ப்பதில்லை, துருப்பிடித்துக் கணுக்கணுவாக மடங்கி நிற்கும் செயினில் போகிற இழுவை கொஞ்சநஞ்சமில்லை. தொய்வு 20 முதல் 30 மில்லிமீட்டர் இருக்கலாம். டைட்டாக இருந்தால் நல்லது என்று நினைத்து கம்பி மாதிரி இழுத்து வைப்பவர்கள் இருக்கிறார்கள், மூட்டை ஏற்றினதும் அது பேரிங்கைத் தின்றுவிடும்.

அடுத்து ஆக்சிலேட்டர் கேபிள். இதைச் சொன்னால் சிரிப்பீர்கள், ஆனால் ஏர் ஃபில்டரிலிருந்து வரும் ரப்பர் குழாயைக் கார்புரேட்டரிலிருந்து பிடுங்கிவிட்டு, இன்ஜினை ஆஃப் செய்து, ஆக்சிலேட்டரை முழுசாகத் திருகி உள்ளே டார்ச் அடித்துப் பாருங்கள். ஆக்சிலேட்டரோடு ஏறி இறங்கும் ஸ்லைடு ஓட்டையை விட்டு முழுக்க மேலே போக வேண்டும். கேபிள் நீண்டுபோய், அட்ஜஸ்டரும் சரியில்லாமல் இருந்தால், கீழ் விளிம்பு பிறை மாதிரி தெரியும். அதாவது நீங்கள் ஃபுல் என்று நினைத்துத் திருகுவது முக்கால்தான். இது பைசா செலவில்லாத வேலை.

பெட்ரோல் டேங்க் மூடியையும் பாருங்கள். அதில் காற்று போக ஒரு சின்னத் துளை உண்டு. அது அடைத்திருந்தால் ஊருக்குள் ஒன்றும் தெரியாது, மலையில் தொடர்ந்து ஃபுல் ஆக்சிலேட்டரில் போகும்போது பெட்ரோல் இறங்காமல் இழுவை செத்துப்போகும். அப்படி ஆகும்போது நிறுத்தி மூடியைத் திறந்தால் "ஸ்ஸ்" என்று காற்று உள்ளே போகிற சத்தம் கேட்கும்.

வால்வுக்கு இடைவெளி வைக்கும் டேப்பெட்டை எப்போது பார்த்தது? இன்ஜின் முழுக்க ஆறின பிறகு, இடைவெளியை அளக்கும் ஃபீலர் கேஜ் வைத்து, பிளைவீலில் உள்ள குறியைப் பார்த்து கம்ப்ரெஷன் ஸ்ட்ரோக்கில் வைக்க வேண்டும். "டிக் டிக்னு சத்தம் வருது, குறைச்சு விடுங்க" என்று கேட்டு வாங்கி இறுக்கி வைக்கிறார்கள். இறுக்கின வால்வு சூட்டில் முழுசாக மூடாது, கம்ப்ரெஷன் போகும், நாளடைவில் சீட்டும் கருகும். லேசான சத்தம் இருந்துவிட்டுப் போகட்டும்.

இதெல்லாம் செய்து, கிக்கரை மெதுவாகக் காலால் அழுத்தும்போது எதிர்ப்பு இல்லாமல் சோம்பலாக இறங்கினால், இல்லை சைலன்சரில் நீலப் புகை வந்தால், அது பிஸ்டன் ரிங், சிலிண்டர் போர் தேய்ந்த விவகாரம். அப்போது கம்ப்ரெஷன் கேஜ் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் பேச வேண்டும்.

மெயின்ஜெட்_மன்னன்
அண்ணே சொன்னது அத்தனையும் சரி, ஆனால் மாடிஃபிகேஷன் என்றாலே ஏமாற்று என்கிற மாதிரி ஆகிவிடக் கூடாது. ஃபில்டரும் சைலன்சரும் மாற்றினால் பலன் இருக்கிறது, என் வண்டியிலேயே மேல் ஆர்பிஎம்மில், அதாவது இன்ஜின் வேகமாகச் சுற்றும்போது, நன்றாகத் தெரிகிறது. கடைக்காரர்கள் செய்கிற தப்பு, கார்புரேட்டரில் பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் துளையான ஜெட்டை மாற்றாமல் விடுவது. காற்று அதிகம் போகிறது, பெட்ரோல் அதே அளவு, கலவை லீன் ஆகிறது. அப்போது வண்டி "பட் பட்" என்று வெடிக்கும், சூடு ஏறும், பிக்கப் முன்னை விட மோசமாகும். சத்தம் பெரிதாக இருப்பதால் மட்டும் வேகமாகப் போகிற மாதிரி இருக்கும். மெயின் ஜெட் ஒரு சைஸ், ஒன்றரை சைஸ் ஏற்றி, நீடில் கிளிப்பை ஒரு பள்ளம் கீழே வைத்து, ஏர் ஸ்க்ரூவைச் சரி செய்தால் கதையே வேறு.

ரெண்டாம்_கியர்
எவ்வளவு கூடியது என்று பவரை அளக்கும் டைனோவில் ஏற்றிப் பார்த்தீர்களா தம்பி? எட்டில் அரை பிஎஸ் கூடினாலே பெரிய விஷயம். அதுவும் நீங்களே சொன்ன மாதிரி மேல் ஆர்பிஎம்மில். இவர் கேட்பது மூட்டையோடு மலை ஏற, அதற்கு நடு ஆர்பிஎம்மில் இழுவை வேண்டும். திறந்த சைலன்சரில் அங்கேதான் குழி விழும்.

சிவப்பு_ஆர்எக்ஸ்
என்னண்ணே இப்படிச் சொல்றீங்க. ஆர்எக்ஸ் 100ல சைலன்சர் மாத்தினா வண்டியே வேற வண்டி ஆகும். அதுவும் 98 சிசிதான், 11 பிஎஸ், எடையும் நூறு கிலோ சொச்சம்தான். சைலன்சர்ல ஒண்ணும் இல்லைன்னு சொன்னா ஒத்துக்க மாட்டேன்.

ரெண்டாம்_கியர்
அது டூ ஸ்ட்ரோக் அப்பா. அதில் சைலன்சர்தான் பாதி இன்ஜின். வயிறு பெருத்துக் கடைசியில் குறுகும் அந்தக் குழாயில் அலை முட்டித் திரும்பி வந்து, வெளியே நழுவப் பார்க்கிற புதுக் கலவையைத் திரும்ப சிலிண்டருக்குள் தள்ளும். அந்த வடிவத்தை மாற்றினால் பவர் எந்த ஆர்பிஎம்மில் வருகிறது என்பதே மாறிவிடும். ஃபோர் ஸ்ட்ரோக்கில் அந்த வேலையை வால்வு பார்த்துக்கொள்கிறது, சைலன்சருக்குப் பங்கு உண்டு, ஆனால் ரொம்பச் சின்னப் பங்கு. அப்புறம் டூ ஸ்ட்ரோக் ஒவ்வொரு சுற்றுக்கும் பவர் கொடுக்கிறது, இது ரெண்டு சுற்றுக்கு ஒரு தடவை. 1996ல் நிறுத்தின வண்டிக்கு இன்றைக்கும் இந்த விலை சொல்வது சும்மா இல்லைதான், ஆனால் அதை வைத்து ஸ்ப்ளெண்டரை அளக்காதீர்கள்.

கணக்குப்பிள்ளை
டாப் ஸ்பீடு பற்றி யாரும் பேசவில்லை, அதனால் ஒரு கணக்கு. காற்று எதிர்ப்புக்குத் தேவையான பவர் வேகத்தின் மும்மடிக்குக் கூடும். நிமிர்ந்து உட்கார்ந்த ஆளோடு சேர்த்து வண்டியின் காற்றெதிர்ப்புப் பரப்பு சுமார் 0.6 சதுர மீட்டர் என்று வைத்துக்கொண்டால், 80 கிலோமீட்டர் வேகத்தில் காற்றைக் கிழிக்க மட்டும் கிட்டத்தட்ட 4 கிலோவாட், அதாவது 5 குதிரைக்குக் கொஞ்சம் மேல். 90ல் 5.6 கிலோவாட், ஏழரைக் குதிரை. 100ல் 7.7 கிலோவாட், பத்துக் குதிரைக்கும் மேல். டயர் உருளும் எதிர்ப்பு, செயின் இழப்பு எல்லாம் இதற்கு மேல் தனி. 8 பிஎஸ் வண்டி ஏன் 85, 90ல் முட்டி நிற்கிறது என்பது இதிலேயே இருக்கிறது. டாப் ஸ்பீடை 10% கூட்ட பவரை 33% கூட்ட வேண்டும், எந்த சைலன்சராலும் அது முடியாது. அதே சமயம் குனிந்து, முழங்கையை உள்ளே இழுத்து உட்கார்ந்தால் அந்த 0.6 என்பது 0.5க்கு இறங்கலாம், அதில் வரும் லாபம் ஆறாயிரம் ரூபாய் சாமான்களை விட அதிகம். காற்றில் படபடக்கும் ரெயின்கோட், பக்கத்தில் தொங்கும் பை, அகலமான லெக் கார்டு எல்லாமே இதே கணக்கில் எதிர்ப்பக்கம் சேரும்.

மலைக்கு இன்னொரு கணக்கு. மேலே போகப் போகக் காற்று மெலிகிறது. கொடைக்கானல் உயரம் சுமார் 2,100 மீட்டர், அங்கே காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தில் இருப்பதில் ஐந்தில் நான்கு பங்குதான். இன்ஜின் பவரும் ஏறக்குறைய அதே விகிதத்தில் குறையும், பண்ணைக்காடு அந்த அளவுக்கு உயரமில்லை என்றாலும் ஒரு பங்கு போகத்தான் செய்யும். போதாக்குறைக்கு கார்புரேட்டருக்குக் காற்று மெலிந்தது தெரியாது, அது பழைய கணக்கிலேயே பெட்ரோலை ஊற்றும், கலவை ரிச் ஆகும். கீழே நன்றாக ஓடுகிற வண்டி மேலே மூச்சுத் திணறுவதில் இதுவும் சேர்த்தி.

மெயின்ஜெட்_மன்னன்
கணக்கு ஜோர். ஆனால் யாரும் தொடாத ஒன்று, பெட்ரோல். இப்போது பெட்ரோல் பங்க்கில் வருவது 20% எத்தனால் கலந்தது. பெட்ரோல் ஒரு கிலோ எரிய 14.7 கிலோ காற்று வேண்டும், எத்தனாலுக்கு 9 போதும். 2012ல் அந்தக் கார்புரேட்டருக்கு ஜெட் வைத்தபோது இவ்வளவு எத்தனால் கிடையாது. அதே ஜெட்டில் இப்போதைய பெட்ரோல் ஓடினால் கலவை ஏழெட்டு சதவீதம் லீன் ஆகிறது. ஆகவே ஸ்டாக் ஃபில்டர், ஸ்டாக் சைலன்சரோடேயே மெயின் ஜெட்டை ஒரு சைஸ் ஏற்றிப் பார்ப்பதில் நியாயம் இருக்கிறது. இதற்கு ரெண்டாம்_கியர் அண்ணன் என்ன சொல்கிறார்?

ரெண்டாம்_கியர்
அதில் சண்டை இல்லை, செய்யலாம். ஆனால் மலையில் ரிச் ஆகும் என்று கணக்குப்பிள்ளை சொன்னதையும் சேர்த்துப் பாருங்கள், ரெண்டும் ஓரளவு ஒன்றையொன்று சரிக்கட்டிவிடும், அதனால் முழு சைஸ் வேண்டாம், அரை சைஸ் கிடைத்தால் போதும். முதலில் ப்ளக்கைக் கழற்றிப் பாருங்கள். ஏற்றத்தில் ஃபுல் ஆக்சிலேட்டரில் ஓடிய உடனே ஆஃப் செய்து, கிளட்ச் பிடித்து ஓரங்கட்டி, ஆறவிட்டுக் கழற்ற வேண்டும், வீட்டு வாசலில் ஐடிலிங்கில் நின்ற ப்ளக்கை வைத்துக் கலவையைச் சொல்ல முடியாது. நடுவில் பீங்கான் வெளுத்துப்போயிருந்தால் லீன், கரி படிந்திருந்தால் ரிச், லேசான பழுப்பு என்றால் தொட வேண்டாம்.

இரிடியம் ப்ளக் பற்றி ஒரே வரி: நல்ல ப்ளக்கில் ஒழுங்காகப் பொறி வருகிறது என்றால் அதற்கு மேல் தங்கத்தில் செய்து வைத்தாலும் பவர் கூடாது, நாள்பட உழைக்கும், அவ்வளவுதான். 95 ஆக்டேன் பெட்ரோலும் அதே கதை, இவ்வளவு குறைந்த கம்ப்ரெஷனுக்கு அது தேவையே இல்லை.

பிஎஸ்6_காரன்
என்னுடையது 2021 எஃப்ஐ ஸ்ப்ளெண்டர், கார்புரேட்டருக்குப் பதில் ஃப்யூவல் இன்ஜெக்ஷன். இதில் ஜெட் இல்லையே, நான் என்ன செய்ய?

மெயின்ஜெட்_மன்னன்
ஒன்றும் செய்யாதீர்கள், ஓட்டுங்கள். சைலன்சரில் உள்ள ஆக்சிஜன் சென்சார் பார்த்துப் பார்த்து வண்டியின் கம்ப்யூட்டரான ஈசியு பெட்ரோலைத் திருத்திக்கொண்டே இருக்கும், எத்தனாலானாலும் மலையானாலும் அதுவே ஓரளவு சமாளிக்கும். கேட்டலிடிக் கன்வெர்ட்டரைப் பிடுங்கிவிட்டுக் குழாய் வைக்கிறேன் என்று யாராவது சொன்னால் ஓடிவிடுங்கள்.

நம்பர்_பிளேட்
சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவுப்படி, கம்பெனி கொடுத்த விவரக்குறிப்புக்கு மாறாகப் போகிற அளவுக்கு வண்டியை மாற்றக் கூடாது. 2019 திருத்தத்தில் வந்த 182அ பிரிவின்படி அனுமதி இல்லாமல் செய்யும் ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். இதில் பிடிபடுவது எப்போதும் சைலன்சர்தான், ஏனென்றால் அது தானே வாய் திறந்து காட்டிக்கொடுக்கும். மலைப் பாதையில் சோதனை நடக்கிற இடத்தில் சத்தத்தோடு போய் நிற்பது உங்கள் சாமர்த்தியம். ஆறாயிரம் கொடுத்து வாங்கி, ஐயாயிரம் கட்டி, திரும்ப ஸ்டாக் சைலன்சர் மாட்ட வேண்டியிருக்கும்.

சிவப்பு_ஆர்எக்ஸ்
போர் பண்ணி பெரிய பிஸ்டன் போட்டா?

ரெண்டாம்_கியர்
போடலாம், தாங்காது. கிராங்க், கிளட்ச், கியர் எல்லாமே நூறு சிசிக்குச் செய்தது. ட்ராக்கில் ஒரு நாள் ஓட்டிவிட்டுப் பிரித்து மாட்டுகிறவர்களுக்கு அது சரி, மூட்டை ஏற்றி வாரா வாரம் மலைக்குப் போகிறவருக்கு இல்லை.

பதினெட்டு_இன்ச்
எல்லோருக்கும் நன்றி. அண்ணன் சொன்ன வரிசையில் நானும் எங்கள் தெரு மெக்கானிக்கும் உட்கார்ந்து பார்த்தோம். பின் சக்கரம் ஒரு சுற்றுக்கு மேல் சுற்றவில்லை, கேம் முழுக்கத் துரு. டார்ச் அடித்துப் பார்த்தால் பிறையேதான், ஸ்லைடு முழுக்க ஏறவில்லை, கேபிளே மாற்றிவிட்டோம். எக்ஸாஸ்ட் பக்கம் டேப்பெட்டில் ஃபீலர் கேஜ் நுழையவே இல்லை. ஃபில்டர் மண் பிடித்துக் கறுத்திருந்தது, ஏர் அடித்து மாட்டலாம் என்றார், அது எண்ணெய் தடவின பேப்பர் என்பதால் வேண்டாம் என்று புதிது வாங்கினேன். டேங்க் மூடி நன்றாகத்தான் இருந்தது.

நேற்று தம்பியோடு போனேன். சமதளத்தில் 85 தொடுகிறது. மலையில் முன்பு இரண்டாவதில் கத்தின இடங்களில் பாதிக்கு மேல் மூன்றாவதில் போகிறது, ஆனால் கொண்டை ஊசி முடிந்து திரும்பும் ஏற்றத்தில் இன்னும் இழுக்கவில்லை. அங்கே ஒன்று கவனித்தேன், ஆக்சிலேட்டர் கொடுத்ததும் சத்தம் முதலில் ஏறுகிறது, வண்டி கொஞ்சம் கழித்துத்தான் வருகிறது.

ரெண்டாம்_கியர்
கிளட்ச் வழுக்குகிறது. முதலில் லீவரில் ஃப்ரீ பிளே இருக்கிறதா என்று பாருங்கள், கேபிள் டைட்டாக இருந்தாலே பாதி கிளட்ச் பிடித்த மாதிரிதான் ஓடும். அது சரியாக இருந்தால், என்ன ஆயில் ஊற்றியிருக்கிறது?

பதினெட்டு_இன்ச்
அப்பா கார் சர்வீஸ் செய்யும்போது மீந்ததை ஊற்றியிருக்கிறார் போல. நல்ல ஆயில்தான் என்கிறார்.

ரெண்டாம்_கியர்
காருக்கு நல்ல ஆயில். பைக்கில் கிளட்ச் பிளேட்டே இன்ஜின் ஆயிலுக்குள்தான் முங்கிக் கிடக்கிறது. கார் ஆயிலில் வழுக்கலுக்கென்று சேர்மானம் உண்டு, அது பிளேட்டில் ஊறினால் பிடிமானம் போகும். டப்பாவில் பைக் கிளட்ச்சுக்கு ஏற்றது என்பதற்கான ஜாசோ எம்ஏ குறி போட்டிருக்கும் 10டபிள்யூ30 வாங்கி மாற்றுங்கள், மாற்றி இருநூறு முந்நூறு கிலோமீட்டர் ஓட்டிப் பாருங்கள், சில சமயம் பிளேட் தானாகவே தெளிந்துவிடும். தெளியாவிட்டால் பிளேட்டும் ஸ்பிரிங்கும் மாற்ற வேண்டும். வலது பக்கக் கவரைத் திறக்கும்போது அங்கேயே சுழலும் ஆயில் ஃபில்டர் கிண்ணத்தையும் கழுவச் சொல்லுங்கள், எழுபதாயிரம் ஓடின வண்டியில் அதற்குள் கறுப்புக் களி மாதிரி அப்பியிருக்கும். அப்பாவிடம் நான் சொன்னேன் என்று சொல்ல வேண்டாம்.

கணக்குப்பிள்ளை
அதற்குப் பிறகும் போதவில்லை என்றால் ஸ்ப்ராக்கெட், அதாவது செயின் ஓடும் பல்சக்கரம். முன்னால் எத்தனை பல் என்று எண்ணிப் பாருங்கள், 14 என்று வைத்துக்கொள்வோம். 13 போட்டால் சக்கரத்தில் இழுவை 7.7% கூடும், அதே ஆர்பிஎம்மில் வேகம் 7% குறையும். பவர் ஒரு துளியும் கூடுவதில்லை, இருக்கிறதை மலைக்கு ஏற்ற மாதிரி மாற்றிக்கொள்கிறீர்கள். சமதளத்தில் இன்ஜின் அதிகம் சுற்றும், மைலேஜ் கொஞ்சம் அடிபடும். ஸ்பீடோமீட்டர் முன் சக்கரத்திலிருந்து வருவதால் அது தப்புக் காட்டாது.

நைட்_ரைடர்_கோவை
13 போட்டா ஹைவேல கத்துமே. அதுக்குப் பதிலா மலைல கியரைக் குறைச்சு ஓட்டிட்டுப் போயிடலாம்ல.

கணக்குப்பிள்ளை
அதைத்தான் முதலில் செய்ய வேண்டும். இந்த வண்டியில் ஆர்பிஎம் காட்டும் டாக்கோமீட்டர் கிடையாது, அதனால் எல்லோரும் சத்தம் பிடிக்காமல் 30லேயே டாப் கியருக்குப் போய்விடுகிறார்கள், பிறகு ஏற்றத்தில் இன்ஜின் திணறும்போது ஆக்சிலேட்டரைத் திருகுகிறார்கள். அதிகபட்ச பவர் 8,000 ஆர்பிஎம் பக்கம் இருக்கிறது, அதாவது காதுக்கு "ஐயோ" என்று தோன்றுகிற இடத்தில். கொண்டை ஊசிக்கு முன்னாலேயே கியரை இறக்கி, வேகம் விழ விடாமல் நுழைந்தால் அங்கே இழுவை கேட்க வேண்டிய நிலைமையே வராது. 13க்கும் 14க்கும் உள்ள இடைவெளியை விட மூன்றாவதுக்கும் இரண்டாவதுக்கும் உள்ள இடைவெளி பல மடங்கு பெரிது.

பதினெட்டு_இன்ச்
ஆயில் மாற்றியாயிற்று, அப்பாவுக்கும் சமாதானம் சொல்லியாயிற்று. சத்தம் முந்துவது நன்றாகக் குறைந்திருக்கிறது, முழுசாகப் போகவில்லை. பிளேட் மாற்றக் கொடுக்கப் போகிறேன். 13 பல் தனியாகக் கிடைத்தால் இப்போது இருக்கிற செயினிலேயே மாட்டலாமா?

ரெண்டாம்_கியர்
மாட்டாதீர்கள். பழைய செயின் நீண்டிருக்கும், புதுப் பல்லை ஒரு மாதத்தில் சுறா பல் ஆக்கிவிடும். பின் ஸ்ப்ராக்கெட்டில் செயினைப் பின்னால் இழுத்துப் பாருங்கள், பாதிப் பல் வெளியே தெரிந்தால் செட்டே மாற்றும் காலம் வந்துவிட்டது. அப்போது செட்டோடு 13ஐ வாங்கி முன்னால் போட்டு, கிடைக்கிற 14ஐ வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். மாட்டும்போது முன் ஸ்ப்ராக்கெட்டைப் பிடிக்கும் பிளேட்டின் இரண்டு போல்ட்டையும் மறக்காமல் டைட் வைக்கச் சொல்லுங்கள், அது கழன்று செயின் கவருக்குள் சுற்றின வண்டிகளை நான் பார்த்திருக்கிறேன். கிளட்ச் பிளேட்டுக்குக் கம்பெனி சாமான் மட்டும் வாங்குங்கள், ஸ்பிரிங் நாலையும் சேர்த்து.